ஒரு லாரி நல்ல தண்ணி

சாப்பாட்டு மேசைமேல் கான்கிரீட் கல்லைக் கொண்டுவந்து வைக்கிற மனுசனை என்ன செய்வது என்று ரங்காத்தாளுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சந்தகை பிழிந்து தோள்பட்டை இரண்டும் கழன்றுபோனது மாதிரி இருக்க, தேங்காய்ப் பாலை வடிகட்டிக்கொண்டிருந்தாள். காலையில் கடைவீதிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்த கிட்டுசாமி, வந்ததும் வராததுமாக மஞ்சள் பையை மேசைமேல் கவிழ்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு சாண் கம்பி. கம்பி என்று சொன்னால்தான் கம்பி. விரல் பட்டதும் தவிடாக உதிர்ந்து சந்தகைத் தட்டின் ஓரத்தில் விழுந்தது.

"ஏனுங்க, திங்கிற எடத்துல இதென்னங்க கெரகம்?"

"சின்னக்காட்டுக் காலனி பாலவாடி. தளத்துல இருந்து விழுந்துருக்குது."

"ஆரு தலையிலீங்க?"

"லீவு நாளு புள்ள. ஆருமில்ல."

"அப்பறம் என்னுங்க? கையக் கழுவிப்போட்டு வந்து உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். ரங்காத்தாளுக்கு அந்த நிற்பு தெரியும். கலியாணமாகி முப்பது வருசமாக அந்த நிற்பைப் பார்த்துத்தான் அவளுக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. எங்கேயோ சாக்கடை அடைத்துக்கொண்டது, எங்கேயோ பாலத்தில் பள்ளம் விழுந்தது என்றால், சோற்றில் கை வைத்தவர் இப்படித்தான் எழுந்து நிற்பார். பிறகு வண்டிச் சத்தம் கேட்கும்.

கிட்டுசாமி மடத்துக்குளம் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. அந்த வம்சத்தில் முதலில் எஞ்சினியருக்குப் படித்தவர். முப்பத்து நாலு வருசம் அரசாங்க உத்தியோகம். நொய்யலில் வெள்ளம் வந்த வருசங்களில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர். அதற்காக வீட்டை விட்டுவிட்டார் என்றும் சொல்ல முடியாது. ரங்காத்தாளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மூன்று மாதம் அவர்தான் சமைத்தார். மகள் வர்ஷினிக்குத் தலை பின்னிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். ஜடை கோணலாகத்தான் இருக்கும், அந்தப் பிள்ளையும் அப்பா பின்னியது என்று அவிழ்க்காமல் பள்ளிக்கூடம் போய்விட்டு வரும். இப்படிப்பட்ட மனுசனிடம் முழுசாகக் கோபப்படவும் முடியாமல், படாமல் இருக்கவும் முடியாமல் ரங்காத்தாள் காலம் தள்ளிவிட்டாள். செவ்வாய்க்கிழமை, 2009 ஜூன் முப்பது, ஓய்வு. நல்லூரில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. இன்னும் இரண்டே நாள்.

"அந்தப் பாலவாடி நான் கட்டுனது புள்ள," என்றார்.

"ஊருல பாதி நீங்க கட்டுனதுதானுங்க."

"இது தப்பாக் கட்டுனது."

அதற்கப்புறம் அவர் சொன்னதைக் கேட்டதும் ரங்காத்தாள் தேங்காய்ப் பால் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

இந்த ஊரில் தண்ணீர் இரண்டு விதம். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருதரம் குழாயில் வரும், அதுவும் வந்தால் வந்தது. உப்புத் தண்ணி போர் போட்ட இடத்திலெல்லாம் வரும். ஊர் ஊராகப் பனியனுக்குச் சாயம் போட்டு, சாயத்தைக் கழுவின தண்ணீரை மண்ணுக்குக் கொடுத்தார்கள். மண் அதைத் திருப்பிக் கொடுத்தது, சில போரில் நிறத்தோடேயே. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கான்கிரீட்டில் கலந்தால் உள்ளே இருக்கிற கம்பியை மெல்லத் தின்னும். துருப் பிடித்த கம்பி ஊதும், ஊதினால் காரை பெயரும். இதெல்லாம் கிட்டுசாமிக்குத் தெரியாததல்ல. அதனால்தான் எந்தத் தளம் போட்டாலும் நல்ல தண்ணி லாரி வந்து நின்ற பிறகுதான் கலவை மெசினை ஓட்டவிடுவார்.

2001 சித்திரையில் அந்தப் பாலவாடிக்குத் தளம் போட்ட அன்றைக்கும் லாரி வந்தது. ஆனால் அந்தக் காலனிக்குப் பன்னிரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மதுரைப் பக்கமிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, ஒற்றை அறை லைன் வீடுகளில் கிடந்த சனம். லாரியைக் கண்டதும் குடங்களோடு வந்துவிட்டார்கள். சண்டை போடவில்லை, பிடுங்கவில்லை. வரிசையில் நின்று, "ஐயா, பிள்ளைகளுக்குக் குடிக்க மட்டும்," என்று கேட்டார்கள். கிட்டுசாமி பிடிக்கச் சொன்னார். ஆளுக்கு ஒரு குடம் என்று ஆரம்பித்தது, லாரி பாதிக்கு மேல் காலியானது. தளமும் பாதிதான் ஆகியிருந்தது. இன்னொரு லாரி கேட்டார், கிடைக்கவில்லை. பாதித் தளத்தில் நிறுத்தினால் ஒட்டுப்போட்ட இடத்தில் பிளக்கும். கான்ட்ராக்டர் கந்தப்பன் பக்கத்துச் சாயப்பட்டறை போரிலிருந்து ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்து, "என்னுங்க பண்ணட்டும்?" என்று கேட்டார்.

"ஊத்துங்கன்னு நாந்தான் சொன்னேன்," என்றார் கிட்டுசாமி. "இளஞ்சிவப்பா வந்துது புள்ள. பாத்துக்கிட்டே நின்னேன்."

"இத்தன வருசம் வாயத் தொறக்கலீங்களே!"

"வருசா வருசம் மழை முடிஞ்சதும் போயித் தட்டிப் பாத்துட்டு வருவேன். சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு. போன வருசம் லேசா டொக்குன்னு, உள்ள காலியாட்டம் கேட்டுச்சு. நாமளாத்தான் நெனச்சுக்கறோமோன்னு வந்துட்டேன். வேலைய விட்டுப் போறதுக்கு முன்னால ஒருக்காப் பாத்தர்லாம்னு இன்னிக்குப் போனேன், முச்சூடும் டொக்கு. நாளைக்கு எழுதிக் குடுத்தர்றேன். பாலவாடியப் பூட்டி, தளத்த இடிக்கோணும்."

"ஆரு தப்புன்னு எழுதுவீங்க?"

"எம்பட தப்பு. ஊத்தச் சொன்னது நானு. ஊத்துனது கந்தப்பன்."

ரங்காத்தாளுக்கு உச்சந்தலை சூடானது. ஏனென்றால் கந்தப்பன் இப்போது வெறும் கான்ட்ராக்டர் இல்லை. மூன்று வருசத்துக்கு முந்தி அவருடைய மகன் சுரேந்தருக்குத்தான் வர்ஷினியைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கந்தப்பன் வீட்டு மாடியில்தான் அவள் குடியிருந்தாள்.

"ஏனுங்க, நம்ம புள்ள அந்த ஊட்டுல பொழைக்கறதா வேண்டாமா? ரெண்டு நாளு. ரெண்டே நாளு வாய மூடிக்கிட்டு இருங்க. அடுத்து வர்றவன் பாத்துக்குவான்."

"முப்பத்திரெண்டு கொழந்தைங்க படுத்துத் தூங்குது புள்ள அதுக்கடியில."

"அத எட்டு வருசத்துக்கு முன்னால நெனச்சிருக்கோணும்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. பிழிந்த சந்தகை சாயங்காலம் மாட்டுக்காரனுக்குப் போனது.

பொழுது சாய கந்தப்பன் வந்தார். விழாவுக்கு வைக்கப்போகிற பேனரை வண்டியில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கட்டைக் குரல். எஞ்சினியர் மேல் மரியாதை இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. கிட்டுசாமி கல்லைக் காட்டினார். கந்தப்பன் அதைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்குப் போயி ஞாயித்துக்கெழமை கெடுத்துக்கிட்டீங்களா சம்பந்தி? நம்ம பசங்களை அனுப்பறேன். பேந்த எடத்தக் கொத்திப்போட்டு ரெண்டு மூட்டை சிமெண்டு பூசி, வெள்ளையடிச்சா புதுசாட்டம் ஆயிரும்."

"உள்ள கம்பியே இல்லீங்க. பூசற சிமெண்டு எதப் புடிச்சுட்டு நிக்கும்? பாரந்தான் கூடும்."

"கூடுனா கூடிட்டுப் போகுது. நாலு வருசம் தாங்காதா? அதுக்குள்ள கவருமெண்டே வேற கட்டுவான்."

"தாங்கலீன்னா?"

"சம்பந்தி, அன்னிக்குத் தண்ணியக் குடத்துல புடிக்கச் சொன்னது நானுங்களா, நீங்களா? பெரிய மனசு பண்ணி எடுத்துக் குடுத்தீங்க. நான் உங்க வார்த்தைக்குக் கட்டுப்பட்டு ஊத்துனேன். இப்ப காயிதத்துல எம்பேர எழுதுனா, நாளைக்கு ஒரு ஆபீசுல எனக்கு டெண்டர் குடுப்பானா? சொல்லுங்க அம்மிணி, நீங்களாச்சும் சொல்லுங்க." கந்தப்பன் ரங்காத்தாள் பக்கம் திரும்பினார். "நம்ம வர்ஷினிக் கண்ணு மொகத்த நான் எப்பிடிப் பாப்பேன்?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. ரங்காத்தாள் "நான் சொல்றேனுங்கண்ணா," என்று வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தாள். வந்து, அடுக்கிவைத்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடியும் கழுவினாள்.

திங்கட்கிழமை காலை கிட்டுசாமி ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். நாலு பக்கம், தன் கையெழுத்தில். லாரி, குடம், ஓஸ் பைப்பு எதையும் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் நானூறு பேர். கிட்டுசாமி கழுத்து தெரியாமல் மாலை. மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் மைக்கைப் பிடித்து, கடமை, நேர்மை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கந்தப்பன் வரவில்லை. சுரேந்தர் வந்து ஓரமாக நின்றான். மூன்று மணிக்கு ஆபீஸிலிருந்து ஒரு ஆள் கவரோடு வந்து, மேடை ஏறக் கூச்சப்பட்டு, ரங்காத்தாளிடம் கொடுத்தான். அவள் பிரித்துப் படித்தாள். பணியில் கடுமையான குறைபாட்டைத் தாமே ஒப்புக்கொண்டிருப்பதால் கிட்டுசாமியை ஓய்வுபெற அனுமதிக்க முடியாது, இன்றைய தேதியிலிருந்து சஸ்பெண்ட், விசாரணை நடக்கும்.

இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. முப்பது வருசம் வேலை வாங்கிவிட்டு, கடைசி நாள் மாலை போட்டு நிற்கிறவன் கையில் கவரைக் கொடுப்பது. லஞ்சத்தில் கொழுத்தவன் அந்த நாளைத் தாண்டிப் போய்விடுவான், அவனுக்கு வழி தெரியும். மாட்டுகிறவன் இப்படிப்பட்ட ஆள். ரங்காத்தாள் அந்தக் காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு மேடையேறினாள். கணவர் காதில் சொன்னாள். அவர் ஒவ்வொரு மாலையாகக் கழற்றி நாற்காலியில் வைத்தார். சனத்துக்கு விசயம் தெரிய ஐந்து நிமிசம்தான் ஆனது. அதற்காக யாரும் இலையிலிருந்து எழுந்துவிடவில்லை. ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர் ஒருவர் பாயசம் இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார்.

"பாலவாடியப் பூட்டிட்டாங்களான்னு கேளு புள்ள," என்றார் கிட்டுசாமி. அதைக் கேட்டதும் ரங்காத்தாளுக்கு அழுகைக்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது.

பூட்டவில்லை. அதைச் சொல்ல வந்தவள் ஒச்சாயி. புதன்கிழமை காலை வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயசிருக்கும். கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவளுடைய நாலு வயசு மகள் அபிராமி அந்தப் பாலவாடியில்தான் இருக்கிறாள்.

"எஞ்சினியரய்யாவப் பாக்கணும்மா. நேத்துலருந்து ஆளுக வந்து மேல பூசிக்கிட்டு இருக்காக. பிள்ளைகள வெளிய மரத்தடியில போட்டுருக்காக. நாளைக்கு உள்ள விட்ருவாகளாம். ஐயா இடிக்கணும்னு எழுதினாகளாமுல்ல?"

"எழுதுனாரு. எழுதுனதுக்குத்தான் இப்ப மூலையில உக்காந்திருக்காரு." ரங்காத்தாளுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கியது. "ஆராலங்கறே இத்தனையும்? அன்னிக்குக் குடத்தத் தூக்கிட்டு வந்து வரிசையில நின்னது நீங்கதான? அந்தத் தண்ணியப் புடிக்காம இருந்திருந்தீங்கன்னா எம்பட ஊடு இன்னிக்கு இந்தக் கதியில நிக்குமா?"

ஒச்சாயி நிமிர்ந்தாள்.

"நின்னோம்மா. நானுந்தேன் நின்னேன். வகுத்துல மூத்த பிள்ளை அப்ப. பன்னெண்டு நாளா உப்புத் தண்ணியக் காய்ச்சிக் குடிச்சுக் கெடந்தோம். கேட்டோம், குடுத்தாக. அந்தத் தண்ணி எங்க பிள்ளைக தலைமேல இடியிற தண்ணின்னு யாரும் சொல்லலையே? சொல்லியிருந்தா நாக்கு வறண்டு செத்துருப்போம்மா. குடிக்கத் தண்ணி கேட்டது குத்தமுன்னா, இந்த ஊருக்கு வேலைக்கு வந்ததே குத்தந்தேன்."

முப்பது வருசமாக ரங்காத்தாளின் கோபத்துக்கு எதிரில் யாரும் இப்படி நின்றதில்லை. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஒச்சாயி வாங்கிக் குடித்துவிட்டு, கம்பெனிக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

அன்றைக்கே கிட்டுசாமி ஆபீசுக்குப் போனார். சஸ்பெண்டான ஆள் எழுதிக் கொடுத்த அறிக்கையை வைத்துக் கட்டிடத்தைப் பூட்ட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அறிக்கையை வைத்து அவரைப் பூட்டினார்கள், கட்டிடத்தைப் பூட்ட மட்டும் அது ஆகாதாம். சாயங்காலம் வர்ஷினி போனில் அழுதாள். மாமனார் இரண்டு நாளாக அவள் கையால் சோறு வாங்குவதில்லை, அவள் வந்தால் டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார். "நீ அழுகாத சாமி," என்று மட்டும் ரங்காத்தாள் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டுக்கொண்டு கிட்டுசாமி வாசல்வரை வந்தார். மண்ணரை பஸ் பிடித்து இறங்கி, சின்னக்காட்டுக் காலனிக்கு நடந்தாள். கம்பெனிகளில் மெசின் ஓடும் சத்தம் இரண்டு பக்கமும். சாக்கடையில் ஊதாத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

பாலவாடி முன்னால் வேப்பமரத்தடியில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆறு. கந்தப்பன், ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், வார்டில் பெரிய மனுசர்கள் நாலு பேர். பழுது பார்த்து முடித்ததைப் போட்டோ எடுக்க ஒருவன். உள்ளே புது வெள்ளையடித்த தளத்துக்குக் கீழே பாய் விரித்து, முப்பத்திரண்டு குழந்தைகளையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். வாசலைச் சுற்றி அம்மாக்கள், கம்பெனிக்கு ஒரு மணி நேரம் பர்மிசன் சொல்லிவிட்டு வந்தவர்கள். ஒச்சாயியும் அதில் நின்றாள்.

"வாங்க அம்மிணி," என்றார் கந்தப்பன், ஒன்றுமே நடக்காதது மாதிரி. "எல்லாஞ் சரி பண்ணியாச்சு. நீங்களே பாருங்க."

"பாத்தனுங்கண்ணா. நல்லா இருக்குது." ரங்காத்தாள் காலியாக இருந்த நாற்காலியைத் தூக்கினாள். "வெயிலு ஏறுது. உள்ள வந்து உக்காருங்க எல்லாரும்."

நாற்காலியைக் கொண்டுபோய் அறை நடுவில், புதுப் பூச்சுக்கு நேர் கீழே போட்டாள். திரும்பி வந்தாள். அதிகாரி உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் கை வைத்தாள். அவர் தன்னை அறியாமல் எழுந்துவிட்டார். அதையும் கொண்டுபோய்ப் போட்டாள். ஒவ்வொன்றாக ஆறையும் போட்டாள். யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை, எஞ்சினியர் வீட்டம்மா, வயசானவள்.

"இங்கயே காத்து நல்லா வருதுங்க," என்றார் அதிகாரி.

"கொழந்தைங்களுக்கும் காத்து வேணுமுங்க. அவங்க மரத்தடியில இருக்கட்டும். நீங்க ஒரு மணி நேரம் உள்ள உக்காருங்க. டீ நான் வாங்கிட்டு வரச் சொல்றேன்."

"அம்மிணி, இதென்ன வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்லீங்கண்ணா." அவள் உள்ளே போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். மேலே பார்க்கத் தைரியம் வரவில்லை. குரல் மட்டும் நடுங்கவில்லை. "நான் உக்காந்துட்டேன். வாங்க. பூசுனது நீங்க. கையெழுத்துப் போட்டது இந்த ஐயா. நல்லா இருக்குதுன்னு போட்டா புடிக்கறது இந்தத் தம்பி. இன்னும் அஞ்சு சேரு கெடக்குது. வந்து உக்காருங்க."

அதிகாரி போனை எடுத்து யாரையோ கூப்பிடத் தேடினார். பெரிய மனுசர்களில் ஒருவர் வெற்றிலை துப்பப் போகிறவர் மாதிரி நகர்ந்தார். கந்தப்பன் வாசற்படிவரை வந்தார். படியில் ஒரு காலை வைத்தார். மேலே ஒரு தரம் பார்த்தார். கால் அங்கேயே நின்றுவிட்டது. அதை எல்லாப் பெண்களும் பார்த்தார்கள்.

முதலில் ஒச்சாயிதான் உள்ளே நுழைந்தாள். அபிராமியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். "தூக்குங்கடீ, என்னாத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக!" என்று அவள் கத்தியதும் மற்றவர்கள் உள்ளே பாய்ந்தார்கள். இரண்டே நிமிசத்தில் பாயில் ஒரு குழந்தை இல்லை.

கந்தப்பன் முகம் கறுத்துவிட்டது. படியில் நின்றபடி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "உங்க புள்ள எங்க ஊட்டுலதான் இருக்குது. ஞாபகம் வெச்சுக்கங்க அம்மிணி."

"இருக்குதுங்க. நீங்க கட்டுன ஊட்டுல. அந்தத் தளத்துக்கு எந்தத் தண்ணி ஊத்துனீங்கண்ணா?"

அவர் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். வண்டியை எடுத்துக்கொண்டு போகும்வரை அவர் யாரையும் பார்க்கவில்லை. "பூட்டு கொண்டாந்து போடுங்க, அப்பறம் எந்திரிக்கறேன்," என்று ரங்காத்தாள் அதிகாரியிடம் சொன்னாள். சுற்றிலும் முப்பது பெண்கள் நின்றார்கள். பூட்டு வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவள் அந்தத் தளத்துக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தாள். பூட்டித் தாளில் எழுதி ஒட்டிய பிறகுதான் வெளியே வந்தாள்.

கிட்டுசாமி தெருமுனையில் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முகம் பேயடித்தது மாதிரி இருந்தது.

"ஏம் புள்ள, உன்ற தலமேல விழுந்திருந்தா என்ன புள்ள ஆகறது?"

ரங்காத்தாள் அவரை நேராகப் பார்த்தாள்.

"எட்டு வருசம் கொழந்தைங்க தலைக்கு மேல தொங்கிட்டு இருந்துதுங்களே. அப்ப தட்டிப் பாத்துட்டு வந்து எம்பட கையில சோறு வாங்கித் தின்னீங்களே."

அவர் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். ரங்காத்தாள் சேலையைச் சரிசெய்துகொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தோளைப் பிடிக்கவில்லை, சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்ப அவர் நாலைந்து தரம் உதைக்க வேண்டியிருந்தது.